சோயாப் புரதமும் ஈரல் கொழுப்பும்

சோயா மொச்சையின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதம், 20 சதவீதம் எண்ணெய். எண்ணெயைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் மாவிலிருந்தே, நம் வீடுகளில் மீல் மேக்கர் என்று வழங்கும் உருண்டைகள் தயாராகின்றன. ஆதலால் இங்கே கூறப்படும் குணங்கள் புரதத்துக்கு உரியனவேயன்றி, கடைகளில் விற்கும் சோயா எண்ணெய்க்கு உரியனவல்ல.

சரீரத்தில் கொழுப்பின் வரவு செலவை நிர்வகிக்கும் பிரதான அவயவம் கல்லீரல். மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்த ஆகாரத்தால் இரத்தத்தில் இன்சுலின் பெருகும்போது, ஈரல் அணுக்களிலுள்ள எஸ்.ஆர்.இ.பி.பி.-1சி என்னும் புரதம் கிளர்ந்தெழுந்து, கொழுப்பமிலங்களை ஆக்கும் நொதிகளைப் பெருக்குகிறது. அவ்வாக்கத்தின் இடையே தோன்றும் மலோனைல் கோ-ஏ என்ற பொருளோ, கொழுப்பமிலங்கள் மைட்டோகாண்ட்ரியாவினுள் புகுந்து எரிந்துபோகாதவாறு தடுத்துவிடுகிறது. ஆக்கம் மிகுந்து செலவு குறையவே, கொழுப்பு அணுக்களுக்குள் துளித்துளியாகத் தங்கிவிடுகிறது. அத்தகைய ஈரலின் மெல்லிய சீவலை உருப்பெருக்கியில் வைத்து நோக்கினால், பதப்படுத்துகையில் கொழுப்பு கரைந்துபோன இடங்கள் வெண்மையான வட்டக் குழிகளாகத் தென்படும்; அணுக்களில் 5 சதவீதத்துக்கு மேற்பட்டவை இந்நிலை எய்தியிருப்பின், மருத்துவர் அதனைக் கொழுப்பு ஈரல் என்பர்.

பாற்புரதமாகிய கேசீனுக்குப் பதிலாகச் சோயாப் புரதத்தை ஊட்டி வளர்த்த எலிகளில், இன்சுலின் தணிந்து, மேற்கூறிய எஸ்.ஆர்.இ.பி.பி.-1சியின் கிளர்ச்சியும் அடங்கி, ஈரலில் கொழுப்பு குறைந்திருப்பதைப் பரிசோதனைகள் பன்முறை காட்டியுள்ளன; பிறவியிலேயே பருமனுற்ற ஸக்கர் இன எலிகளிடத்தும் இப்பலன் காணப்பட்டது. இதன் காரணம் முழுவதையும் சோயாவிலுள்ள ஜெனிஸ்டீன் முதலிய ஐசோஃபிளேவோன் என்னும் தாவரச் சேர்மங்களிடத்தே ஏற்றுவது பொருந்தாது. சோயாவின் சேமிப்புப் புரதங்களுள் ஒன்றாகிய பீட்டா-கான்கிளைசினின் தனித்து ஊட்டப்பட்டபோதும் இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு குறைந்ததாதலின், புரதத்துக்கே இதில் பெரும்பங்கு உண்டென்று கொள்வதே தகும்.

மனிதரைப் பற்றிய சான்று பெரும்பாலும் இரத்தக் கொலஸ்ட்ராலைச் சார்ந்ததே. 1977-இல் இத்தாலியின் மிலான் நகரில் சிர்தோரி என்னும் ஆய்வாளரின் குழுவினர் தொடங்கிவைத்த ஆய்வுகள் பெரும் நம்பிக்கையை எழுப்பின. 1999-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நாளொன்றுக்கு 25 கிராம் சோயாப் புரதம் இருதயத்துக்கு நலம் தரக்கூடுமென்று உணவுப் பொட்டலங்களில் அச்சிட அனுமதித்தது. ஆயின் 2006-இல் அமெரிக்க இருதய சங்கம் நிகழ்த்திய பரிசீலனையில் கெட்ட கொலஸ்ட்ரால் சுமார் 3 சதவீதமே குறைவதாகத் தெரிந்தது. 2017-இல் அந்த நிர்வாகமே தன் அனுமதியை விலக்கிக்கொள்ள உத்தேசித்தது. மனித ஈரலின் கொழுப்பை நேரே அளந்த பரிசோதனைகளோ சிறியவை, குறுகிய காலத்தவை. எலியிடத்துக் கண்ட பலனை அப்படியே நோயாளிக்கு வாக்களிப்பது நியாயமன்று. கொழுப்பு மிகுந்த இறைச்சிக்கு ஈடாகச் சோயாவை உண்பவர் அடையும் நன்மையிலும், சோயாவினால் வந்தது எவ்வளவு, இறைச்சியை விட்டதனால் வந்தது எவ்வளவு என்று பிரித்தறிதல் எளிதன்று.