சாட்டை பறித்த இளங்கோ

பலாங்கொடைத் தோட்டங்கள்ல, எங்க தாத்தாமார் லயத்துக் காம்பராவில் சாமிப் படத்துக்குப் பக்கத்துலயே எம்.ஜி.ஆர். படமும் தொங்கும். 1917இல் கண்டிப் பக்கம் பிறந்தவர், அதனால 'நம்மாளு'. அது மட்டுமே காரணமில்லன்னு நினைக்கிறோம்.

1948 குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கையெழுத்திட்டார்கள். நம்மகிட்ட யாரும் கேக்கல. அடுத்த பொங்கலுக்குத் தமிழ்நாட்டில் வந்தது 'எங்க வீட்டுப் பிள்ளை'. நம்பியாரின் சாட்டைக்கு நடுங்கும் ராமு, அவன் இடத்துக்கு வந்து அதே சாட்டையால் திருப்பி அடிக்கும் இளங்கோ. இரண்டுமே எம்.ஜி.ஆர்! துரைக்கும் கங்காணிக்கும் தலைகுனிஞ்சே வாழ்ந்தவங்க இளங்கோவை விடுவாங்களா? இதை வெறும் சினிமாப் பைத்தியம்னு ஒதுக்க எங்களுக்கு மனசில்லை.

தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பலர் நீலகிரியில் மறுபடி கொழுந்துதான் பறித்தார்கள். 1977இல் அங்கே முதலமைச்சர் எம்.ஜி.ஆர்.