வெயில் விழும் பக்கம்

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் என் தம்பி மகள் சென்னையிலிருந்து டெலிபோனில் கூப்பிட்டாள். "பெரியப்பா, மே மாதம் கொடைக்கானலில் ஒரு வில்லா எடுத்திருக்கிறோம். ஓட்டல் இல்லை, தனி வீடு. அடுப்பு, பாத்திரம் எல்லாம் இருக்கிறதாம். நாமே சமைத்துச் சாப்பிடலாம். நீங்களும் கட்டாயம் வரவேண்டும்" என்றாள்.

"நாமே என்றால் யாரம்மா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டு, வண்டிக்கு இ-பாஸ் வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். 2024 மே மாதத்திலிருந்து அந்த மலைக்கு அது இல்லாமல் போக முடியாது. ஆனால் நான் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. நாவல் எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. ஒரு வார்த்தை காலில் முள்ளாகத் தைத்துவிட்டால், அதைப் பிடுங்கப் பழைய புத்தகங்களுக்குள் போய் உட்கார்ந்துவிடுவான்.

கோடைக்கு வேறு வீடு தேடுவது மதுரைக்குப் புதிதல்ல. 1689-ஆம் வருஷம் முதல் பேரனுக்காக ஆட்சி நடத்திய ராணி மங்கம்மாளுக்கு வைகையின் வடகரையில் தமுக்கம் அரண்மனை இருந்தது. வேனிற்கால வாசத்துக்கு என்று சொல்வார்கள். 1959 முதல் காந்தி மியூசியமாக இருக்கிறதே, அந்தக் கட்டடந்தான். ராணிக்கே ஆற்றைத் தாண்டினால் போதுமாயிருந்தது!

சாமானிய ஜனங்களுக்கோ வெளியூர் என்றால் க்ஷேத்திரம், தங்குவதென்றால் சத்திரம். ரயிலடிக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தைப் பார்க்காத மதுரைக்காரர் உண்டா? அந்தக் காலத்துச் சத்திரங்களில் பிரயாணிக்கு ஒரு தாழ்வாரம், ஒரு கிணறு, மூன்று கல் கிடைக்கும். அரிசி மூட்டையும் வெண்கலப் பானையும் அவரவர் கொண்டு வர வேண்டும். பிறர் கைச் சோற்றைச் சாப்பிடலாமா என்ற ஜாதிக் கணக்கும் இதில் கலந்திருந்தது, அதை மறைப்பானேன்? "நாமே சமைத்துச் சாப்பிடலாம்" என்பது நம் ஊரில் அப்படித்தான் தொடங்கியது. அங்கேயும் புருஷர்கள் கோயிலுக்குப் போயிருக்கும்போது அடுப்பு ஊதினவர்கள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

மலைமேல் வீடு பிடிக்கும் வழக்கத்தைக் கொண்டு வந்தவர்கள் அமெரிக்கர்கள். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி வந்து மதுரையில் மிஷன் ஆரம்பித்த பாதிரிமார்கள். பழைய கோட்டைச் சுவரும் அகழியும் ஊரைச் சுற்றி இன்னும் இருந்த காலம் அது. காலராவும் விஷ ஜுரமும் அவர்களைக் கொண்டுபோயின. பச்சைக் குழந்தைகளைப் புதைத்த பெற்றோர்கள் அவர்களில் உண்டு. ஆகையால் அவர்கள் மலையைத் தேடியதை உல்லாசம் என்று ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. முதலில் பக்கத்திலிருந்த சிறுமலைக்குப் போனார்கள். அங்கேயும் ஜுரம் துரத்தியது. பிறகுதான் பழனி மலைகள். லெப்டினன்ட் வார்டு என்பவர் 1821-லேயே அந்த மலைகளை அளந்து எழுதி வைத்திருந்தார். 1845-ல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் எழும்பின. ஒன்றின் பெயர் ஷெல்டன். மற்றொன்றின் பெயர் சன்னிசைடு.

சன்னிசைடு என்றால் வெயில் விழும் பக்கம். மதுரை வெயிலுக்குப் பயந்து ஏழாயிரம் அடி ஏறியவர்கள், மேலே போனதும் வெயிலைத் தேடி வீட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்! இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த நாளில் மலையேறுவது லேசான காரியமல்ல. இரவு முழுதும் மாட்டு வண்டி. விடிந்ததும் பெரியகுளம் பக்கத்து அடிவாரத் தோப்பிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. துரைகள் குதிரை மேல்; துரைசானிகளும் குழந்தைகளும் டோலியில், நாற்காலியில். அந்த டோலிகளுக்குத் தோள் கொடுத்தவர்களும், கட்டில், மெத்தை, பீங்கான், மாவு மூட்டைகளைத் தலையில் ஏற்றியவர்களும் சமவெளிக் கூலிகள். பாதைக்கே 'கூலி காட்' என்று ஆங்கிலத்தில் பெயர் வந்துவிட்டது. 1863-ல் ஓடையைத் தடுத்து ஏரி உண்டாக்கிய மதுரைக் கலெக்டர் லெவிஞ்சின் பெயர் கல்லில் இருக்கிறது. டோலி தூக்கிய ஒருவருடைய பெயராவது கிடைக்குமா என்று தேடினேன். நான் புரட்டிய பக்கங்களில் இல்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் ரொட்டி சுட்டுக் கொடுத்த சமையல்காரர் பெயரும் இல்லை. பாதைக்காவது அவர்கள் ஞாபகம் இருந்ததே!

1875-ல் ரயில் வந்து அம்மையநாயக்கனூரில் நின்றது. முதல் உலக யுத்த காலத்தில் மோட்டார் ரஸ்தா வந்தது. பங்களாக்கள் பெருகின, சீசனுக்கு வாடகைக்கு விடுகிற வழக்கமும் பரவியது. வெள்ளைக்காரர் போனபின் நம்மவர்கள் அந்த வாசல்களில் ஏறினார்கள். 1985 வரையில் கொடைக்கானல் மதுரை ஜில்லாவாகவே இருந்ததால், சொந்த மாடிக்கு ஏறுவது போலத்தான் எங்களுக்கு.

1964 மே மாதத்தில் எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து அங்கே இருபது நாளைக்கு ஒரு வீடு பிடித்தார்கள். வடக்கு மாசி வீதியிலிருந்து பதினொரு பேர். கூடவே அரிசி, பருப்பு, வடகம், ஊறுகாய் ஜாடி, இரண்டு கெரசின் ஸ்டவ், ஒரு சிறிய ஆட்டுக்கல். அதை பஸ்ஸின் மேல் ஏற்றிய கூலியாள் எங்கள் பரம்பரையையே வாழ்த்தினான்.

போன மறுநாளே சங்கடம் தொடங்கியது. பருப்பு வேகவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தளதளவென்று கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. அம்மாவுக்கு இந்தப் பௌதிகம் தெரியாது. பருப்பை மாற்றிப் பார்த்தாள், தண்ணீரை மாற்றிப் பார்த்தாள், கடைசியில் தன் கையையே நொந்துகொண்டாள். பெரியம்மாவும் அவளும் விடியற்காலை நாலு மணிக்கு ஸ்டவ்வைப் பற்றவைத்தால் பத்து மணிக்குச் சாம்பார். நாங்கள் ஏரிக்குப் போனோம், படகில் ஏறினோம், தூண்பாறையில் மேகத்தைப் பார்த்தோம். திரும்பி வந்து, "பருப்பு நறுக் நறுக்கென்று இருக்கிறதே" என்று குறை சொன்னோம். முதலில் சொன்னவன் நான்.

இட்லி மாவு அதைவிட மோசம். குளிரில் அது பொங்கவே இல்லை. அம்மா அடுக்கைக் கம்பளியில் சுற்றினாள். வைக்கோலில் புதைத்தாள். பிறகு பின்கட்டில் காலை வெயில் விழும் ஒரு மூலையைக் கண்டுபிடித்தாள். மாவுப் பாத்திரத்தை அங்கே வைத்து, வெயில் நகர நகர அதையும் நகர்த்திக்கொண்டு, பக்கத்தில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து ஏரி தெரியாது; பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும்.

தம்பி மகளுக்கு மறுபடியும் டெலிபோன் செய்தேன். வருகிறேன் என்றேன். சமையல் முறை போட்டு ஒரு காகிதத்தில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்ட வேண்டும், முதல் நாள் என் பெயரும் அவள் புருஷன் பெயரும் இருக்க வேண்டும் என்றேன்.

"உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா பெரியப்பா?" என்றாள்.

"தெரியாது. குக்கர் இருக்கிறதா என்று மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்டு வை" என்றேன்.