6746328388800 (எண்)

6746328388800 என்பது, கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட உயர் பகு எண்களின் அட்டவணையில் இறுதியாக இடம்பெற்ற முழு எண் ஆகும். தமிழ்நாட்டு வழக்கில் இது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800 என்றும், மில்லியன், பில்லியன் என எண்ணும் சிங்கப்பூர் வழக்கில் 6 டிரில்லியன் 746 பில்லியன் 328 மில்லியன் 388 ஆயிரத்து 800 என்றும் படிக்கப்படும்.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள் எனப்படும்; தன்னைவிடச் சிறிய எண் எதற்கும் இல்லாத அளவு மிகுதியான காரணிகளைக் கொண்டதே உயர் பகு எண். 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள் இருக்க, அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் இல்லையாதலால் 12 இவ்வகையைச் சேர்ந்தது. பகா எண்களின் பெருக்கமாகப் பிரிக்கும்போது 6746328388800 என்பது 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23 என அமைகிறது. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி அவற்றைப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை 10,080 எனக் கிடைக்கும். அடுக்குகள் இடமிருந்து வலமாக எங்கும் ஏறாமல் இருப்பது தற்செயலன்று. பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு வாய்த்திருந்தால், அவ்விரு அடுக்குகளையும் இடம் மாற்றி, அதே அளவு காரணிகளுடைய சிறிய எண் ஒன்றை உருவாக்கிவிடலாம். இறுதிப் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 ஆகிய இரண்டு உயர் பகு எண்களைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒன்றே என்பதையும் இராமானுஜன் நிறுவினார்.

தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு, தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராயிருந்த காப்ரேக்கர் ஹர்ஷத் எண் எனப் பெயரிட்டார். இலக்கக் கூட்டுத்தொகை 63 ஆகவும் அது காரணியாகவும் இருப்பதால் இவ்வெண் அவ்வகையிலும் அடங்கும்.

1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன் எழுதிய, உயர் பகு எண்களின் அட்டவணை இடம்பெற்ற கட்டுரை, லண்டன் கணிதக் கழக இதழில் அறுபது பக்கங்களுக்கு மேல் நீண்டு, 1916இல் அவருக்குப் பட்டம் கிடைக்கக் காரணமாயிற்று. அக்கழகத்தின் போர்க்காலப் பணமுடையால் அச்சேறாமல் போன எஞ்சிய பகுதி, ஜான் லூயி நிக்கோலா, கீ ரோபன் ஆகியோரின் குறிப்புகளோடு 1997இல்தான் ஆய்விதழில் வெளிவந்தது.

கணிப்பொறி இல்லாத காலத்தில் உருவான அவ்வட்டவணையில் 102 எண்கள் உள்ளன. 5,040 காரணிகளைக் கொண்ட 293318625600 என்னும் ஒரே உயர் பகு எண் மட்டும் விடுபட்டுப்போயிற்று. கோட்பாட்டைச் சிறிதும் பாதிக்காத இவ்விடுபடலில் வியப்புக்குரியது ஒன்றுண்டு: விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது அட்டவணையின் இறுதி எண்ணான 6746328388800 ஆகும். விடுபட்டதையும் சேர்த்து எண்ணினால், 2இல் தொடங்கும் அவ்வரிசையில் இது 103ஆம் எண்ணாகவே கொள்ளத்தக்கது.