மாம்பலத்தில் மனை வாங்கியவர்கள்

சென்னைப் பட்டணத்தில் ஒரு குடும்பஸ்தர், பிள்ளைகுட்டிகளின் நலத்தை உத்தேசித்து, எந்தப் பேட்டையில் வீடு வாங்கலாம் என்று நாலு இடம் பார்த்துத் தீர்மானிக்கும் வழக்கத்துக்கு ஏறக்குறைய நூறு ஆண்டு வயதுதான் இருக்கும். அதற்கு முன்பு, பிறந்த ஜாதியும் செய்த தொழிலும் கும்பிட்ட கோயிலும் சேர்ந்து ஒருவனுடைய தெருவை அவன் பிறப்பதற்கு முன்பே நிச்சயித்துவிட்டன. 1707ஆம் ஆண்டில் வலங்கை, இடங்கை என்ற இரு ஜாதிப் பிரிவினருக்கிடையே சச்சரவு மூண்டு பட்டணமே அல்லோலகல்லோலப்பட்டபோது, ஆளுநர் தாமஸ் பிட் கண்ட பரிகாரம், பெத்தநாயக்கன்பேட்டையையும் முத்தியாலுப்பேட்டையையும் ஆளுக்கொரு பக்கமாக இரு சாராருக்கும் வகுத்துக் கொடுத்ததேயாகும். மயிலையிலும் திருவல்லிக்கேணியிலும் கோயிலைச் சுற்றிய மாட வீதிகளில் இன்னார் குடியிருக்கலாம், இன்னார் குடியிருக்கலாகாது என்பதை எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காமலேயே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், கலாசாலைப் படிப்பை முடித்துவிட்டுத் தஞ்சாவூர், திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து உத்தியோகம் தேடிப் பட்டணத்துக்கு வந்தவர்களுக்கு இந்தத் தெருக்களில் கிடைத்தது சொந்த வீடல்ல, குடித்தனந்தான். திருவல்லிக்கேணியில் 'ஸ்டோர்' என்று வழங்கிய வீட்டைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். தெருவில் ஒரே வாசல். உள்ளே நுழைந்தால் வெளிச்சம் குன்றிய நீண்ட நடை. நடையின் ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாக அறையும் சமையற்கட்டுமாகக் குடித்தனங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு குழாய், ஒரு கிணறு. விடியுமுன் எழுந்த பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு வீட்டுக் குழந்தைக்கு அம்மை வார்த்தால் மற்ற வீட்டுத் தாய்மார்களுக்கும் உறக்கம் போய்விடும். உபகாரமும் உறவும் அங்கே நிறைய இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாழ்வை இனிமையாக நினைவுகூர்ந்து எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். குழாயடியில் நின்றவர்கள் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மறுபுறம், கோட்டையின் நெருக்கடியை விட்டு வெளியேறிய கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்களும் வர்த்தகர்களும் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே நுங்கம்பாக்கத்திலும் எழும்பூரிலும் அடையாற்றங்கரையிலும் ஏக்கர் கணக்கில் தோட்டம் வளைத்துப் பங்களா கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டோருக்கும் தோட்ட பங்களாவுக்கும் இடையே, மாதச் சம்பளக்காரன் கைக்கு எட்டக்கூடிய தனி வீடு என்று ஒன்று அனேகமாக இல்லை. 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது தூரத்தைக் குறைத்தது. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி முறிந்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பும் பென்ஷனும் ஒரே நாளில் காற்றில் கரைந்தபோது, வக்கீல்கள் முன்னின்று அடுத்த ஆண்டே இந்தியன் வங்கியைத் தொடங்கியது சரித்திரப் பிரசித்தம். அந்த இடியை நேரில் கண்ட தலைமுறை, காகிதத்தில் எழுதிய தொகையைவிடக் காலுக்கடியில் இருக்கும் மண்ணையே நம்பியிருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இந்த நிலையில்தான் நகர நிர்மாணம் என்ற புதிய சாஸ்திரம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் வந்த ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ், 1915 ஜனவரியில் இங்கே ஒரு நகர நிர்மாணக் கண்காட்சியை நடத்திக் காட்டினார். அவரையடுத்து லான்செஸ்டர் என்ற கட்டடச் சிற்பி பட்டணத்தைச் சுற்றிப் பார்த்து யோசனைகள் கூறினார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறிற்று. வீடுகள் முளைத்த பிறகு அவற்றுக்கிடையே சந்து விடுவதற்குப் பதிலாக, முதலில் சாலையும் சாக்கடையும் பூங்காவும் பள்ளிக்கு இடமும் குறித்துவிட்டு, அதன்பின் மனைகளைப் பிரித்து விற்பது என்ற முறை, கேட்பதற்கு எளிதாயினும், பழைய பட்டணத்தின் வளர்ச்சியையே தலைகீழாகத் திருப்பியது. 1921ஆம் ஆண்டு ஜனக் கணக்கில் சுமார் 5 லட்சத்து 27 ஆயிரமாக இருந்த நகரத்து மக்கள் தொகை, பத்தே ஆண்டுகளில் 6 லட்சத்து 47 ஆயிரமாகப் பெருகியது. அவர்களுக்கெல்லாம் எங்கேயாவது இடம் வேண்டியிருந்தது.

அந்த இடம் ஏரியில் அகப்பட்டது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில், மௌண்ட் ரோடுக்கு மேற்கே வில்லைப்போல் வளைந்து கிடந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் தம் வரைபடங்களில் 'லாங் டாங்க்' என்று குறித்திருந்தார்கள். பாசனம் குறைந்து, கரைகள் பழுதாகி, கோடையில் வறண்டும் மழையில் தளும்பியும் கிடந்த அதை உடைத்து வடியவிட்டு, அதன் படுகையிலும் அதை ஒட்டிய மாம்பலத்து நிலங்களிலும் ஒரு புதிய வாசஸ்தலத்தை 1920களிலும் 30களிலும் படிப்படியாக உண்டாக்கினார்கள். நீதிக் கட்சி ஆட்சியிலிருந்த காலம் அது. நகரசபைத் தலைவராக இருந்து 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர் சூட்டப்பட்டு, அந்தப் புதிய வாசஸ்தலம் தியாகராய நகராயிற்று. முதன் மந்திரியாக இருந்த பனகல் அரசரின் பெயர் நடுவிலுள்ள பூங்காவுக்கு வாய்த்தது. உஸ்மான், டாக்டர் நாயர், கோபதி நாராயணசாமி செட்டி, நடேச முதலியார், சௌந்தரபாண்டிய நாடார் முதலியோர் சாலைகளிலும் பூங்காவிலும் கடைத்தெருவிலும் இடம்பெற்றார்கள். மோலனி, போக் முதலிய வெள்ளைக்கார அதிகாரிகளும் விட்டுப்போகவில்லை. மாட வீதி என்றும் அக்கிரகாரம் என்றும் முகவரி எழுதிப் பழகிய கை, முதல்முறையாக ஓர் அரசியல் கட்சித் தலைவரின் பெயரைத் தன் வீட்டு முகவரியாக எழுதத் தொடங்கியது.

மனைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஓர் ஏக்கருக்குப் பதினெட்டு கிரவுண்டும் கொஞ்சமும் வரும். இரண்டு கிரவுண்டு வாங்கியவர் அதன் நடுவில் வீட்டைக் கட்டி நாற்புறமும் வெளிவிட்டார். பக்கத்து வீட்டுச் சுவரோடு தன் சுவரை ஒட்டிக் கட்டிய பழைய தெருவுக்கு வெளிச்சம் வர நடுமுற்றம் ஒன்றே வழியாக இருந்தது; நாற்புறமும் ஜன்னல் வைக்க முடிந்ததும் முற்றம் மெதுவாக மறைந்தது. திண்ணை சுருங்கி வராந்தாவாயிற்று. வழிப்போக்கன் உட்கார்ந்து இளைப்பாறிய இடத்துக்கும் தெருவுக்கும் நடுவே காம்பவுண்டுச் சுவரும் இரும்புக் கதவும் வந்தன. தேக்குக் கட்டைகளின்மேல் செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய மெட்ராஸ் டெரஸ் மாடி, சிவப்புக் காவித் தரை, பின்புறம் கிணறு, கிணற்றுத் தண்ணீர் பாயுமிடத்தில் இரண்டு தென்னை, வாசலில் ஒரு பவழமல்லி: இவ்வளவும் சேர்ந்ததே அக்காலத்து மாம்பலம் வீடு. பிள்ளைகள் விளையாட மனைக்குள்ளேயே இடமிருந்தது; போதாததற்குப் பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் இருந்தன.

வாங்க வந்தவர்கள் எவற்றைக் கேட்டார்கள்? வில்லங்கம் உண்டா, தாய்ப் பத்திரம் சரியாக இருக்கிறதா என்பதை வக்கீல் பார்த்துக்கொண்டார். தெருக்குத்து இருக்கிறதா, ஈசான்ய மூலையில் கிணறு வெட்ட இடமுண்டா என்பதை ஜோசியரும் மேஸ்திரியும் பார்த்தார்கள். வீட்டு அம்மாள் கேட்டவையோ வேறு: தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா, பெண் குழந்தை நடந்தே போய்வரப் பள்ளிக்கூடம் இருக்கிறதா, காய்கறிக்கு எவ்வளவு தூரம், பிரசவ வலி எடுத்தால் ராத்திரியில் வண்டி கிடைக்குமா? பட்டணத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பத்திரங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இந்தக் கேள்விகளை எந்த ஆவணத்திலும் காண முடிவதில்லை. ஆனாலும் தியாகராய நகர் பிழைத்தது இவற்றுக்கு அது நல்ல பதில் வைத்திருந்ததால்தான் என்று நான் திண்ணமாக நம்புகிறேன். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டதும், கோட்டையிலும் பாரிமுனையிலும் வேலை பார்த்தவர் மாம்பலம் நிலையத்தில் சீசன் டிக்கெட்டோடு ஏறி, வேளைக்கு ஆபீசில் போய் உட்கார முடிந்தது. ராமகிருஷ்ண மிஷன் பையன்களுக்குப் பள்ளி நடத்தியது. சகோதரி சுப்புலட்சுமி திருவல்லிக்கேணியில் வளர்த்த ஸாரதா வித்யாலயம் உஸ்மான் சாலைக்கு வந்து, பெண்களின் படிப்புக்குப் பெரிய துணையாயிற்று. 1936இல் தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபையும் இங்கே கட்டடம் கண்டது. பிற்காலத்தில் ராஜாஜி பஸ்லுல்லா சாலையிலும், காமராஜர் திருமலைப் பிள்ளை சாலையில் ஒரு வாடகை வீட்டிலும் வாழ்ந்தார்கள்.

ரயில் பாதைக்கு மேற்கே கதை வேறு. கிழக்கில் மனை வாங்க முடியாத குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் தண்டவாளத்தைத் தாண்டினார்கள். மேற்கு மாம்பலத்துக்குக் கெடிஸும் இல்லை, லான்செஸ்டரும் இல்லை. தோப்பும் வயலும் துண்டு துண்டாக விற்கப்பட்டு, வண்டி திரும்ப முடியாத தெருக்கள் தாமாக உண்டாயின. சாக்கடை வெகுகாலம் வராமல், கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் அந்தப் பகுதி பேர்போயிற்று. பெண் கொடுக்க வந்தவர்கள் மேற்கு மாம்பலம் என்றதும் தயங்கியதாகச் சொல்வார்கள். இருந்தும் அங்கே வந்தவர்கள் போகவில்லை. வாடகை குறைவு; ஸ்டேஷன் பக்கம்; ஒரே ஊரிலிருந்து வந்த நாலு குடும்பம் ஒரே தெருவில் இருந்தது. பஜனை மடமும் அயோத்தியா மண்டபமும், வீட்டுத் திண்ணையில் நடந்த பாட்டு வகுப்பும் தட்டெழுத்துப் பயிற்சிக் கூடமும் அவர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்டவை. திட்டம் போட்டு அமைத்த கிழக்கைப் போற்றுகிற நான், திட்டம் இல்லாமலேயே அண்டை அயலாரின் கைம்மாற்றாலும் ஒத்தாசையாலும் குடும்பங்களை வளர்த்துவிட்ட மேற்கைத் தாழ்த்திச் சொல்ல மனம் வராமல் நிற்கிறேன். எந்தப் பக்கத்திலும் இடம் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். அந்த மாடி வீடுகளைக் கட்டிய சித்தாளும், துணி வெளுத்தவரும், பாத்திரம் தேய்த்தவரும் ஏரிக்கரை ஓரத்துக் குடிசைகளில் வசித்தார்கள். நகரமைப்புப் படத்தில் அவர்களுக்கென்று ஒரு வீதி வரையப்படவில்லை. இது அந்தப் பெருந்திட்டத்தின் பெருங்குறை.

1942 ஏப்ரலில் ஜப்பானியர் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டதும் சென்னை காலியாயிற்று. கிடைத்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டுச் சொந்த ஊருக்கு ரயிலேறியவர்கள் உண்டு, துணிந்து வாங்கியவர்களும் உண்டு. யுத்தம் முடிந்தபின் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் அடையாற்றில் காந்தி நகரை அமைத்தது. 1961இல் ஏற்பட்ட வீட்டு வசதி வாரியம், 1968இன் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தையொட்டி அண்ணா நகரை வளர்த்தது. இரண்டிலும் மாம்பலத்துப் பாடமே, பூங்காவும் அகன்ற சாலையுமாக, திரும்ப எழுதப்பட்டது.

மாம்பலமோ தன் சௌகரியத்தாலேயே மாறிப்போயிற்று. பல திசையிலிருந்தும் சாலைகள் வந்து கூடும் பூங்காவும், பக்கத்திலேயே ரயில் நிலையமும் குடும்பங்களுக்கு எவ்வளவு வசதியோ அவ்வளவு வசதி வியாபாரிக்கும். பட்டுக்கடை வந்தது, பாத்திரக்கடையும் நகைக்கடையும் வந்தன, ரங்கநாதன் தெருவில் குடித்தனங்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்து கடைகளுக்கு வழிவிட்டன. இரண்டு கிரவுண்டில் ஒரு குடும்பம் இருந்த இடத்தில் எட்டுக் குடும்பங்களும் பத்துக் குடும்பங்களும் அடுக்கு வீடுகளில் ஏறின. தென்னையும் கிணறும் கார் நிறுத்துமிடமாயின. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் சாலைகளில் பல நாள் தண்ணீர் வடியாமல் நின்றபோது, எங்கிருந்து வந்தது இவ்வளவு நீர் என்று கேட்டவர்கள் அநேகர். நீர் எங்கிருந்தும் வரவில்லை. நூறாண்டுக்கு முன் தான் தங்கிய பள்ளத்திலேயே தங்கிற்று. மனை வாங்கிய முன்னோர் எத்தனையோ கேள்வி கேட்டார்கள். ஏரியை உடைத்தபின் மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று மட்டும் அவர்களும் கேட்கவில்லை, அவர்களுக்கு மனை விற்ற சர்க்காரும் சொல்லவில்லை. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டியும் இன்று வீடு வாங்குகிற இளந்தம்பதிகள், பள்ளிக்கூடத்தையும் ரயிலையும் விசாரிப்பதைப் போலவே, தாலுகா ஆபீசிலுள்ள பழைய கிராமப் படத்தில் தங்கள் சர்வே நம்பருக்கு நேரே ஏரி என்றோ வாய்க்கால் என்றோ எழுதியிருக்கிறதா என்பதையும் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஏற்பட்ட வழக்கம் இது.