சந்தியாகோவின் பஸ் பாதைகளும் உழைப்போரின் நேரமும்

நகரப் போக்குவரத்தின் வரலாற்றை எழுதுவோர் வண்டிகளையும் பாதைகளையும் முதலீட்டையும் கணக்கிடுவர். பயணியின் நேரம் அக்கணக்கில் இடம்பெறுவது அரிது. சிலியின் தலைநகரான சந்தியாகோவில், 2007ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆந் திகதி, ஒரே நாளில் நடைமுறைக்கு வந்த 'ட்ரான்ஸந்தியாகோ' என்னும் திட்டம், கணக்கிடப்படாத அந்நேரத்தை ஓர் அரசியற் பிரச்சினையாக்கிற்று.

இதன் மூலம் இராணுவ ஆட்சிக் காலத்தைச் சார்ந்தது. 1973இல் ஆட்சியைக் கைப்பற்றிய பினோசேயின் அரசு, 1979 தொடக்கம் பஸ் சேவை மீதான கட்டுப்பாடுகளைப் படிப்படியாக நீக்கியது. அரசுக்குச் சொந்தமான பஸ் நிறுவனமும் 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. (1958இல் தேசியமயமாக்கப்பட்ட நமது பஸ் சேவையினுள் தனியார் மீண்டும் அனுமதிக்கப்பட்டதும் 1979ஆம் ஆண்டிலேயாம். ஒரே பொருளாதாரப் போதனை இரு நாடுகளிலும் அப்பொழுது ஓதப்பட்டது.) அதே ஆண்டுகளிற் சந்தியாகோவின் சேரிவாசிகள் லா பிந்தானா போன்ற புறநகரங்களுக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டனர். குடியிருப்பு நகரின் விளிம்பிலும் வேலை அதன் மையத்திலும் செல்வந்தர் வாழும் கிழக்கிலுமாக அமைந்தமை, பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது.

1990களில் மஞ்சள் வர்ணம் பூசப்பட்ட தனியார் வண்டிகளை இன்று ஏக்கத்துடன் நினைவுகூர்வோர் உளர். அவ்வேக்கத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. விற்ற பயணச்சீட்டுக்களுக்கேற்பவே சாரதியின் வருமானம் அமைந்தமையால், வண்டிகள் பயணிகளுக்காக வீதியில் ஒன்றையொன்று துரத்தின. விபத்தும் புகையும் நகரின் அன்றாட வாழ்வாயின. எனினும் ஒரு கட்டணத்தில், ஒரே வண்டியில், நகரின் ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைவரை செல்ல முடிந்தது. முகப்புக் கண்ணாடியில் வைக்கப்பட்ட பலகையில் வண்டி செல்லும் வீதிகளின் பெயர்கள் வர்ணத்தில் எழுதப்பட்டிருந்தன. பயணி அதனை நகரின் வரைபடமாகவே வாசித்தான். புதிய திட்டத்தில் அவ்விடத்தை எண்களும் எழுத்துக் குறிகளும் பெற்றன. இலக்கிய மாணவனுக்கு இது சிறு செய்தியாகத் தோன்றாது.

திட்டமிட்டோரின் தருக்கம் எளிதில் மறுக்கக்கூடியதன்று. நூற்றுக்கணக்கான பாதைகள் அலமேடா என்னும் பெருவீதியில் ஒன்றன்மேலொன்றாகக் குவிந்திருந்தன. எனவே நகரை ஊடறுக்கும் பிரதான பாதைகளும், குடியிருப்புக்களினுள் மட்டும் ஓடிப் பயணிகளை அவற்றிலும் சுரங்க ரயிலிலும் சேர்ப்பிக்கும் கிளைப் பாதைகளும் வகுக்கப்பட்டன. ஒரு மின்னட்டையில், இரு மணித்தியாலங்களுக்குள் வண்டி மாறிச் செல்லலாம். மாறிச் செல்லுதல் தன்னளவிற் குற்றமன்று. ஆனால் அரச மானியம் எதுவுமின்றி, கட்டண வருமானத்தினாலேயே முறைமை இயங்கவேண்டும் என்பது அடிப்படை நிபந்தனையாக விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 8,000ஆக இருந்த வண்டிகள் 5,000க்கும் குறைவாகக் கணிக்கப்பட்டமைக்கு இந்நிபந்தனையே பிரதான காரணமாகும். இதனைப் பொறியியல் முடிவு என்பது பொருந்தாது. வண்டியிற் சேமிக்கப்பட்ட செலவு, நடையாகவும் காத்திருப்பாகவும் பயணியின் தலைமேற் சுமத்தப்பட்டது. மேலும், நிறுவனங்களுக்குரிய கொடுப்பனவின் பெரும்பகுதி, ஏற்றிய பயணிகளின் தொகை எதுவாயினும் உறுதிசெய்யப்பட்டிருந்தமையால், வண்டியை வெளியே எடுக்காதிருப்பதே சில வேளைகளில் இலாபகரமாயிற்று. வண்டிகளைக் கண்காணிக்கும் தொழினுட்பமும், பஸ்களுக்கான தனிப் பாதைகளும் தொடக்க நாளில் ஆயத்தமாயிருக்கவில்லை.

பெப்ரவரி அங்கு கோடை விடுமுறைக் காலம். மார்ச்சில் பாடசாலைகளும் அலுவலகங்களும் முழுமையாக இயங்கத் தொடங்கியபோதே நெருக்கடியின் முழு வடிவம் புலனாயிற்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 இலட்சம் பயணங்களைத் தாங்கிய சுரங்க ரயில், 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் தாங்கவேண்டியதாயிற்று. தெற்கிலிருந்து லாஸ் கொண்டேஸின் மாளிகைகளுக்கு வீட்டுவேலைக்குச் செல்லும் பெண், விடியுமுன் இருளில் நடந்து, ஒன்றுக்கு இரண்டாகத் தரிப்பிடங்களிற் காத்துநின்றாள். அந்த மேலதிக நேரத்துக்கு எந்த எசமானும் கூலி கொடுக்கவில்லை. 'மூலதனம்' நூலின் இரண்டாம் பாகத்திற் போக்குவரத்தை உற்பத்தியின் ஒரு கிளையாகவே மார்க்ஸ் நோக்கினார். ஆனால் உழைப்பாளி தன்னைத்தானே வேலைத்தலத்துக்குக் கொண்டுசேர்க்கும் உழைப்பு, கூலிக் கணக்குக்குப் புறத்தேயே நிற்கின்றது. சந்தியாகோவில் அவ்வுழைப்பே நீட்டப்பட்டது.

மார்ச் 26ஆந் திகதி ஜனாதிபதி பசெலே மக்களிடம் மன்னிப்புக் கோரினார். போக்குவரத்து அமைச்சரும் மாற்றப்பட்டார். வண்டிகள் கூட்டப்பட்டன, பாதைகள் பல நீட்டப்பட்டன. மானியம் வேண்டாம் என்ற கோட்பாடு நிலைக்கவில்லை. 2009இல் நிரந்தர மானியத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. நம்பிக்கை மட்டும் மீளவில்லை. பிற்பட்ட சில ஆண்டுகளிற் பஸ் பயணங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை கட்டணஞ் செலுத்தப்படாத பயணங்களாயின. அதனை ஒழுக்கக் குறைவென்று கண்டித்த பத்திரிகைகள், பயணி ஏற்கெனவே தன் நேரத்தால் எவ்வளவு செலுத்தியிருந்தான் என்று கேட்கவில்லை.

2019 ஒக்ரோபரில் சுரங்க ரயிலின் நெரிசல் நேரக் கட்டணம் 800 பெசோவிலிருந்து 830 பெசோவாக உயர்ந்தபோது, மாணவர் தடைக்கதவுகளைத் தாண்டிக் குதித்தனர். 18ஆந் திகதி அது நாடளாவிய எழுச்சியாயிற்று. எழுச்சியின் காரணங்கள் பல. ஆயினும் அது வெடித்த இடம், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பஸ் பயணிகள் தள்ளப்பட்ட அதே நிலையங்களாகும். 'ட்ரான்ஸந்தியாகோ' என்ற பெயரை அரசு அவ்வாண்டு மார்ச்சிலேயே கைவிட்டிருந்தது.