நிலத்தில் நின்றவர்களும் சாலையில் நடந்தவர்களும்: ஜாவா கிராமத்தில் உடைமையும் பயணமும், 1755–2021

1755-இல் கியாந்தி என்ற ஊரில் ஏற்பட்ட உடன்படிக்கை மத்தாரம் அரசைச் சுராகார்த்தா, ஜோக்ஜகார்த்தா என இரண்டாக்கியது. நடு ஜாவாவைப் பங்கு பிரித்தவர்கள் நிலத்தை அளக்கவில்லை, உழுகுடிகளை எண்ணினார்கள். இத்தனை ஆயிரம் குடிகள் உனக்கு, இத்தனை ஆயிரம் எனக்கு என்பதே கணக்கு. வெளி மாவட்டங்களில் ஓர் அரசனின் ஊருக்குப் பக்கத்திலேயே மற்றவன் ஊர் வந்து விழுந்ததற்கும் எல்லைத் தகராறுகள் ஓயாமல் இருந்ததற்கும் இதுவே காரணம். உழவன் அன்று அரிய பொருள், நிலம் அப்படியல்ல. வரி தாளாவிட்டால் குடும்பத்தோடு இரவோடிரவாக வேறு பிரபுவின் நிலத்துக்குப் போய்விடலாம். குடியானவன் கையிலிருந்த பேரம் அதுதான்.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் டச்சு அதிகாரிகள் எழுதிவைத்த ஜாவா கிராமம் அசையாதது, தன்னிறைவு கொண்டது, பழமையில் ஊறியது. இந்தச் சித்திரமே காலனி ஆட்சியின் படைப்பு என்று டச்சுச் சமூகவியலாளர் யான் பிரேமன் 1982-இல் வாதிட்டார். அவர் வாதத்தை ஏற்றுக்கொண்டு இக்கட்டுரை இன்னொன்றையும் சேர்க்க முனைகிறது. ஜாவா கிராமத்தில் நில உரிமையையும் பயணத்தையும் தனித்தனி வரலாறுகளாக எழுத முடியாது. அரசு தன் சுமையை நிலம் உள்ளவன் மேல் ஏற்றியது. அதனால் நில உரிமை என்பது ஊரைவிட்டு அகலாதிருக்கும் கடமையாயிற்று. நிலமில்லாதவனோ போய்க்கொண்டே இருந்தான். இந்த ஏற்பாடு உருவாகி, தலைகீழாகத் திரும்பிய கதை ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு நீளும்.

முதலில் உடைமையின் உள்ளடுக்குகளைப் பார்த்துவிடலாம். நன்செய், புன்செய், வீட்டைச் சுற்றிய கொல்லை என்று நிலம் மூன்று வகை. தென்னை, வாழை, பலா, மூங்கில் அடர்ந்த கொல்லை வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோப்பு மாதிரி தெரியும். குடும்பத்தின் கறிக்கும் கைச்செலவுக்கும் அதுவே ஆதாரம். இந்த மூன்றில் எவை ஒருவரிடம் உள்ளன என்பதை வைத்தே ஊரில் அவருக்குத் தரம். வயலும் கொல்லையும் வீடும் உள்ளவர் முழுக்குடி. கொல்லையும் வீடும் மட்டும் உள்ளவர் அடுத்த படி. அதற்கும் கீழே, பிறர் கொல்லையில் வீடு மட்டும் கட்டிக்கொண்டவர். வீடும் இல்லாமல் இன்னொருவர் கூரையின்கீழ் உண்டு உழைத்தவர் கடைசிப் படி.

நிலம் பிறருடையது, அதன்மேல் நிற்கும் வீடு மட்டும் என்னுடையது என்பது எப்படிச் சாத்தியம்? ஜாவாவின் மரபு வழக்கில் நிலம் வேறு, வீடு வேறு. ஜோக்லோ, லிமாசான் வகை மரவீடுகள் தேக்குத் தூண்களையும் விட்டங்களையும் துளையும் முளையுமாகப் பொருத்திக் கட்டியவை. ஆப்பைத் தட்டினால் கழன்றுவிடும். அக்கம்பக்கத்தார் கூலி வாங்காமல் கூடிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வேறிடத்தில் நிறுத்திவிடுவார்கள். அதற்குச் சோறு போட வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. வீட்டை மட்டும் விற்கலாம், சீதனமாகக் கொடுக்கலாம், பாகம் பிரிக்கலாம். பாகப்பிரிவினையின் பழைய விதியும் சுமையாகவே சொல்லப்பட்டது: மகனுக்குத் தோள்காவடியின் இரண்டு கூடை, மகளுக்கு முதுகுத் தூளியில் ஒரு கூடை. நடைமுறையில் பல குடும்பங்கள் சரிபாதியாகவே பிரித்துக்கொண்டன.

அன்றாடப் பயணத்துக்கு ஐந்துநாள் வாரம் எல்லை போட்டது. லெகி, பாஹிங், போன், வாகே, க்லிவோன் என்ற ஐந்து நாட்களில் சுற்றியுள்ள ஊர்களில் மாறி மாறிச் சந்தை கூடும். முதுகில் கூடையைத் தூளியால் கட்டிக்கொண்டு விடியுமுன்னே நடந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இந்தச் சிறு வட்டத்தின் குறுக்கேதான் சுங்கச்சாவடிகள் நின்றன. 1812-இல், அப்போது ஜாவாவை ஆண்ட பிரித்தானியர் நடு ஜாவா அரசுகளிடமிருந்து சாவடிகளைப் பிடுங்கிக்கொண்டனர். சீனக் குத்தகைதாரர்கள் அவற்றை ஏலம் எடுத்து நடத்தினார்கள். சந்தைக்குப் போகும் ஒவ்வொரு சுமைக்கும் காசு. 1824-இல் டச்சு அரசு அமைத்த விசாரணைக் குழுவே சாவடிகளை ஒழிக்கப் பரிந்துரைத்தது. வருமானத்தை இழக்க மனமின்றி அரசு அதைக் கிடப்பில் போட்டது. அடுத்த ஆண்டு திபோநெகோரோ இளவரசர் தொடங்கிய போரில் முதலில் தீக்கிரையானவற்றுள் சாவடிகள் உண்டு. 1830 வரை நீடித்த அந்தப் போரை அரண்மனை வாரிசுப் பூசலாகவும் சமயப் போராகவும் மட்டும் வாசிப்பது போதாது. சந்தைக்குப் போகும் வழியைக் காசு கேட்டு மறித்ததன் கோபமும் அதில் இருந்தது.

சாலை யாருக்காக என்ற கேள்வி இன்னும் துலக்கமாகத் தெரிவது டேன்டல்ஸின் பெரும் தபால் சாலையில். 1808-இல் டச்சுத் தலைமை ஆளுநராக வந்த அவர், மேற்கு முனையில் ஆன்யேர் முதல் கிழக்கில் பனாருக்கான் வரை சுமார் 1,000 கிலோமீட்டரை மிகச் சில ஆண்டுகளில் இணைத்தார். மலைப்பகுதிகளில் மண் வெட்டி மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில். உழைப்பைத் தந்தவை சாலையோரத்து ஊர்கள். பராமரிப்பும் அவற்றின் தலையிலேயே விழுந்தது. சாலை பாழாகிவிடும் என்று எருமை வண்டிகளை அதன்மேல் விடவில்லை. பல இடங்களில் பக்கத்திலேயே சேறும் பள்ளமுமாக ஒரு தனி வண்டித்தடம் ஓடியது. சாலை போட்டவனின் வண்டி அந்தத் தடத்தில்தான் போக வேண்டும்.

1811-இல் ஜாவாவைப் பிடித்த பிரித்தானியரின் துணைநிலை ஆளுநர் ராஃபிள்ஸ் நிலவரியைக் கொண்டுவந்தார். இங்கே சென்னை மாகாணத்தோடு நேரான தொடர்பு ஒன்று உண்டு. ஜாவாவின் நில உடைமையை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், தென்னிந்தியச் சுவடிகளைத் திரட்டியதற்காக நாம் அறிந்த காலின் மெக்கன்சி. தாமஸ் மன்றோவின் ரயத்துவாரிச் சிந்தனை ராஃபிள்ஸிடம் தெளிவாகத் தெரிகிறது. 1814-இல் அவர் வகுத்த விதிப்படி நன்செய் விளைச்சலில் தரத்துக்கேற்பப் பாதி, ஐந்தில் இரண்டு, மூன்றில் ஒன்று வரி. ஒவ்வொரு உழவனோடும் அரசு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் என்பது காகிதத்தில் இருந்தது. அளவுகோலும் இல்லை, அளக்க ஆளும் இல்லை. ஊர்த்தலைவர் சொன்னதே கணக்காயிற்று. 1816-இல் திரும்பிவந்த டச்சுக்காரர்கள் இந்த ஏற்பாட்டையே தொடர்ந்தார்கள். ஊரே வரி செலுத்தும் அலகு ஆனது. அதன்பின் ஒருவர் ஓடிப்போனால் அவர் பங்கு மற்றவர் தலையில் விழும். ஊரார் ஒருவரையொருவர் காவல் காக்கத் தொடங்கியது இதிலிருந்துதான் என்பது என் கணிப்பு.

1830-இல் தலைமை ஆளுநர் வான் டென் போஸ் தொடங்கிய கட்டாயப் பயிர்முறைக்கு வருவோம். ஊர் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் கரும்பு, அவுரி போன்ற ஏற்றுமதிப் பயிர் வைக்க வேண்டும் அல்லது ஆண்டுக்கு 66 நாள் உழைப்பைத் தர வேண்டும் என்பது ஏட்டளவில் விதி. நடைமுறை இடத்துக்கு இடம் மாறியது. பல இடங்களில் விதி மீறியே வாங்கினார்கள். உழைப்பைக் கொடுக்கக் கடமைப்பட்டவன் முழுக்குடி. வயல் வைத்திருப்பவன்தான் சாலை வேலைக்கும் ஆலைக் கரும்புக்கும் காவலுக்கும் போக வேண்டும். சுமையைக் குறைக்க ஊர்கள் ஒரு வழி கண்டன. வயலைத் துண்டுபோட்டு இன்னும் பலருக்குக் கொடுத்தால் உழைப்புக்கும் பல கைகள் கிடைக்கும். இப்படியாக வட கடற்கரைக் கரும்பு மாவட்டங்களில் ஊர்ப் பொதுநிலமும் அதைச் சுழல்முறையில் மறுபங்கீடு செய்யும் வழக்கமும் பெருகின. ஊரைவிட்டுப் போனவனுக்குப் பங்கு கிடையாது. வேலைக்கு வராதவனுக்கும் கிடையாது. சொந்த உழைப்பில் காடு வெட்டித் திருத்திய நிலம் மட்டும் பரம்பரைச் சொத்தாக நின்றது. ஊர்த்தலைவரோ பதவிக்கு மானியமாகப் பெரிய வயலை எடுத்துக்கொண்டார். அந்த மானிய நிலம் இன்றும் பல ஊர்களில் உண்டு.

மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1963-இல் இதை ‘பகிர்ந்துகொண்ட வறுமை’ என்றார். எல்லோரும் ஒரே சோற்றை மேலும் மேலும் சிறிதாகப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பது அவர் படம். படம் அழகானது, ஆனால் மேற்சொன்ன நான்கு படிகளும் அதில் மறைந்துபோகின்றன. பகிரப்பட்டது முழுக்குடிகளுக்குள் இருந்த சுமையே. பசுருவான் மாவட்டத்தை ஆராய்ந்த ராபர்ட் எல்சன் உள்ளிட்ட பலர் கீர்ட்ஸின் படத்தைத் திருத்தியிருக்கிறார்கள். 1868–69-இல் 808 ஊர்களில் அரசு நடத்திய நில உரிமை விசாரணை நம்மிடமுள்ள மிகப் பெரிய சான்று. கேட்டவர்கள் அதிகாரிகள். ஊரின் சார்பில் பேசியவர்கள் நிலமுள்ளவர்கள். கூரையில்லாதவனின் வாக்குமூலத்தை அதில் தேடிப் பயனில்லை.

அவன் எங்கே போனான்? 1849–50-இல் டெமாக், குரோபோகான் பகுதிகளைப் பஞ்சம் தாக்கியபோது செத்தவர்கள் போக மிச்சமிருந்தோர் பெருந்திரளாக வெளியேறினார்கள். 1870-க்குப் பிறகு வெளியேறுவதற்கு ஓர் ஒழுங்கு வந்தது. அந்த ஆண்டின் நிலச் சட்டத் தொகுதி, உரிமை நிரூபிக்கப்படாத நிலமெல்லாம் அரசுடையது என்று அறிவித்தது. தோட்ட முதலாளிகளுக்கு 75 ஆண்டுக் குத்தகை திறந்துவிட்டது. அயலார் உழவரின் நிலத்தை விலைக்கு வாங்க முடியாது என்ற தடையும் இருந்தது. ஆனால் கரும்பாலைக்குக் குத்தகை போதும். வயல் உழவன் பெயரிலேயே இருக்க, கரும்பு சுழற்சி முறையில் வந்து வந்து போனது. கட்டாய உழைப்பு படிப்படியாகக் காசு வரியாக மாறியது. காசுக்கு ஆள் வெளியே போக வேண்டும்.

போவதற்கு வாகனமும் வந்திருந்தது. செமாராங்கிலிருந்து தங்குங் வரை 25 கிலோமீட்டர் நீளத்தில் ஜாவாவின் முதல் இருப்புப்பாதை 1867 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சர்க்கரையும் புகையிலையும் துறைமுகத்துக்குப் போகப் போட்ட பாதை அது. ஆனால் கீழ்வகுப்புப் பெட்டிகளை நிரப்பியவர்கள் கூடையோடும் கோழியோடும் ஏறிய கிராமத்தார். 1894-இல் படாவியாவும் (இன்றைய ஜகார்த்தா) சுரபாயாவும் இணைந்தபோதும் இரவில் ரயில் ஓடவில்லை. நடுவழியில் மாவோஸ் ஊரில் இறங்கித் தங்கி, மறுநாள் ஏற வேண்டும். ஐந்துநாள் சந்தை வட்டத்துக்கு வெளியே போகாதவர்களின் பேரப்பிள்ளைகள் கரும்பு வெட்டுக் காலத்தில் ரயிலேறி வேறு மாவட்டத்துக்குக் கூலிக்குப் போனார்கள்.

இன்னும் தூரம் போனவர்களும் உண்டு. கிழக்குச் சுமத்திராவின் டெலி புகையிலைத் தோட்டங்கள் ஒப்பந்தக் கூலிகளை இழுத்தன. 1890-இல் தென் அமெரிக்காவின் சுரினாமுக்கு முதல் ஜாவானியர் 94 பேர் போய்ச் சேர்ந்தனர். 1939 வரை ஏறத்தாழ 33,000 பேர் போனார்கள். 1905-இல் அரசே கெடு பகுதியிலிருந்து 155 குடும்பங்களை லாம்புங்கின் கெடோங் தாதானுக்குக் கொண்டுபோய்க் குடியேற்றியது. பின்னாளின் பெருங்குடியேற்றத் திட்டங்களுக்கு விதை அதுதான். சுரினாமிலிருந்து 1954-இல் ஏறத்தாழ ஆயிரம் பேர் ‘லங்கூவாஸ்’ கப்பலில் இந்தோனேசியாவுக்குத் திரும்பினார்கள். அவர்களுக்குக் கிடைத்த நிலமும் ஜாவாவில் இல்லை; மேற்குச் சுமத்திராவின் தோங்காரில் இருந்தது. 1930 கணக்கெடுப்பிலேயே ஜாவா, மதுரா தீவுகளில் 4 கோடியே 17 லட்சம் பேர். 1755-இல் இருந்த கணக்கு முழுதாகத் திரும்பிவிட்டது: இப்போது நிலம் அரிது, ஆள் மலிவு.

சுதந்திர அரசு 1960-இல் நிலத்தைப் பங்கிட முனைந்தது. அடிப்படை நிலச் சட்டம் காலனிக் காலத்து அரசுடைமை அறிவிப்பை நீக்கியது. உச்சவரம்புச் சட்டம் நெருக்கம் மிகுந்த மாவட்டங்களில் நன்செய்க்கு 5 ஹெக்டேர் என்று வரம்பு கட்டியது. அரை ஹெக்டேர்கூட இல்லாதவர்கள் நிறைந்த ஊர்களில் இந்த வரம்பால் பிரித்துத்தர மிஞ்சிய நிலம் கொஞ்சம். இருந்ததையும் உறவினர் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். 1963–64-இல் கம்யூனிஸ்ட் கட்சி சார்ந்த உழவர் சங்கத்தினர் கிளாத்தேன் முதலான இடங்களில் தாமாகவே வயலில் இறங்கினார்கள். நிலமுள்ளவர்களும் சமயக் கல்விக்கூடங்களும் எதிர்த்து நின்றன. 1965–66-இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக நடந்த படுகொலைகளில் ஜாவா கிராமங்கள் சிந்திய இரத்தத்தில் இந்த வயல் தகராறும் கலந்திருந்தது. அதற்குப்பின் பல பத்தாண்டுகள் நிலச் சீர்திருத்தம் என்ற பேச்சே ஆபத்தானது.

அடுத்து வந்தது அரசியல் வேஷம் இல்லாத மாற்றம். பழைய அறுவடையில் பெண்கள் உள்ளங்கைக்குள் அடங்கும் ஆனி-ஆனி என்ற சிறு கத்தியால் கதிர் கதிராகக் கொய்வார்கள். வந்தவர்களை வயல்காரர் விரட்டக் கூடாது. கொய்ததில் ஒரு பங்கு கொய்தவருக்கு. அதற்கு பாவோன் என்று பெயர். நிலமில்லாத குடும்பத்துக்கு ஆண்டின் நெல் இதிலிருந்தே வந்தது. 1970களில் குட்டை ரகங்கள் வந்தன. அவற்றுக்கு அரிவாள் போதும். அறுவடைக்குச் சில நாள் முன்பே நிற்கும் பயிரை வியாபாரிக்கு விற்றுவிடும் வழக்கம் பரவியது. அவர் தன் ஆட்களோடு வருவார். ஊர்ப் பெண்கள் வரப்பில் நின்று பார்க்க வேண்டியதுதான். சிறு அரிசி ஆலைகள் வந்ததும் உரல் குத்திய கூலியும் போயிற்று. 1984-இல் நாடு அரிசியில் தன்னிறைவு கண்டதாக அறிவித்தது. அந்தச் சாதனையை மறுக்கவில்லை. செலவை யார் கொடுத்தார்கள் என்பது கணக்கில் வரவில்லை.

1970களிலேயே மிட்சுபிஷி கோல்ட் சிற்றுந்துகள் கிராமச் சாலைகளுக்கு வந்து சேர்ந்தன. நகரத்துக்குக் கட்டட வேலைக்கும் தள்ளுவண்டி வியாபாரத்துக்கும் போய்ச் சில வாரத்தில் திரும்புவது இயல்பாயிற்று. 1980கள் முதல் பெண்கள் சவுதி அரேபியாவுக்கும், பிறகு ஹாங்காங், தைவானுக்கும் வீட்டுப் பணிக்குப் போனார்கள். போவதற்கான பணத்துக்கு வயலை ஒத்தி வைத்தார்கள். சம்பாதித்த பணத்தில் வயலை மீட்டார்கள், முடிந்தால் பக்கத்து வயலையும் வாங்கினார்கள். நிலம் உள்ளவன் போகக் கூடாது என்று இருந்த ஊரில், போனவரிடமே நிலம் சேரத் தொடங்கியது. அந்தப் பணத்தில் எழுந்தவை சிமென்ட் வீடுகள். கழற்றி நகர்த்தக்கூடிய தேக்கு ஜோக்லோக்களைத் தரகர்கள் வாங்கிக்கொண்டுபோய் உல்லாச விடுதிகளுக்கு விற்கிறார்கள்.

2018 டிசம்பரில் ஜகார்த்தாவையும் சுரபாயாவையும் சுங்கச்சாலை இணைத்தது. 2019-இல் திறந்த குலோன் புரோகோ விமான நிலையத்துக்காகக் கிளாகா, பாலிஹான் ஊர்களின் வயல்களும் வீடுகளும் போயின. இம்முறை பயணமே நிலத்தைக் கேட்டது. துபான் மாவட்டத்தின் சுமுர்கெனெங் ஊரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காக நிலம் எடுத்தார்கள். ஊரார் முதலில் எதிர்த்தார்கள், பிறகு இழப்பீடு வந்தது. 2021 பிப்ரவரியில் லாரிகள் அந்த ஊருக்குப் புத்தம்புதுக் கார்களை ஏற்றிவந்து இறக்கிய காட்சி நாடெங்கும் பரவியது. ஊரார் வாங்கியவை 176 என்றன செய்திகள். ஊடகங்கள் சிரித்தன. சிரிப்பதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. மாட்டையும் வண்டியையும் சொத்தாக எண்ணிய ஊர், வந்த தொகையின் ஒரு பகுதியைச் சக்கரத்தில் போட்டது. கவனிக்க வேண்டியது வேறு. இழப்பீடு நிலத்துக்கு உரியவர்களுக்குப் போயிற்று. அதே வயலில் நாற்று நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் அளவிடக்கூடிய பாத்தியதை எதுவும் இல்லை. ஓராண்டுக்குள் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் ஆலையில் வேலை கேட்டு வாசலில் திரண்டார்கள்.