இரவு யார் கணக்கில்? விமானப் பயண இடைத்தங்கலின் வரலாறு

ஒரு விமானத்தில் வந்து இறங்கி, மறுநாள் காலை வேறொரு விமானத்தில் ஏறுவதற்காக நிலையத்தை ஒட்டிய விடுதியில் இரவைக் கழிப்பது, இன்று கால அட்டவணை சரியாகப் பொருந்தாததால் நேரும் தொல்லையாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் நெடுந்தூர விமானப் போக்குவரத்தின் முதல் இருபது ஆண்டுகளில் இரவுத் தங்கல் பயணத்தின் பிரிக்க முடியாத உறுப்பாக இருந்தது. அந்த இரவுக்கான அறை, உணவு, பணியாளருக்குத் தரும் அன்பளிப்பு உட்பட அனைத்தும் பயணச்சீட்டின் விலைக்குள்ளேயே அடங்கியிருந்தன. அந்தப் பொறுப்பு விமான நிறுவனத்தின் கையிலிருந்து பயணியின் தலைக்கு எவ்வாறு மாறியது என்பதே இந்த வழக்கத்தின் வரலாற்றில் முதன்மையாக ஆராயத்தக்கது.

பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் 1929 மார்ச் 30 அன்று இலண்டனிலிருந்து கராச்சிக்குச் சேவையைத் தொடங்கியபோது பயணம் ஏழு நாள் நீண்டது. கட்டணம் 130 பவுண்டு. பயணிகள் குரோய்டன் நிலையத்திலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் வரை விமானத்திலும், அங்கிருந்து ஜெனோவா வரை ரயிலிலும், பின்னர் நீரில் இறங்கி நீரிலிருந்தே எழக்கூடிய பறக்கும் படகில் அலெக்சாந்திரியா வரையிலும், மீண்டும் ரயிலில் கெய்ரோ வரையிலும் சென்று, அங்கே மூன்று எஞ்சின் கொண்ட ஹெர்குலிஸ் விமானத்தில் ஏறி, பாக்தாத், பாஸ்ரா, பாரசீகக் கடற்கரை வழியாகக் கராச்சியை அடைந்தனர். வழிகாட்டும் விளக்குகளோ நம்பத்தக்க வானிலைச் செய்தியோ இல்லாத அந்தப் பகுதிகளில் இருளில் பறப்பது பேராபத்து என்பதால், பொழுது சாய்வதற்குள் தரையிறங்கியே ஆகவேண்டும். வீச்சு எனப்படும், ஒருமுறை எரிபொருள் நிரப்பிக்கொண்டு இடையில் இறங்காமல் பறக்கக்கூடிய தூரம், பின்னர் இதே வழியில் ஓடிய ஹேண்ட்லி பேஜ் விமானங்களுக்குக்கூட ஏறத்தாழ 800 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. ஆகவே விமானம் எங்கே நிற்கவேண்டும் என்பதை ஊரின் பெருமையோ வணிகமோ தீர்மானிக்கவில்லை. எண்ணெய்த் தொட்டியும் சூரியனுமே தீர்மானித்தன. ஊரே இல்லாத இடங்களில் விடுதிகள் எழுந்ததற்கு இதுவே காரணம்.

இராக்கின் மேற்குப் பாலைவனத்தில் இருந்த ருத்பா அத்தகைய ஓர் இடம். கிணறுகளை ஒட்டி எழுப்பப்பட்ட ஒரு கோட்டையே அங்கே ஓய்வில்லமாகவும் பயன்பட்டது. நியூசிலாந்தைச் சேர்ந்த நெய்ர்ன் சகோதரர்கள் டமாஸ்கஸுக்கும் பாக்தாதுக்கும் இடையே ஓட்டிய மோட்டார் வண்டிகளின் பயணிகளும், வானிலிருந்து இறங்கியவர்களும் அந்தச் சுவர்களுக்குள் ஒன்றாக உணவருந்தினர். இந்தப் பாலைவனத்தின் குறுக்கே பிரிட்டிஷ் விமானப் படையினர் 1921-இல் விமானிகள் மேலிருந்து பார்த்துப் பின்தொடரும்படி தரையில் உழுசால் இழுத்து வைத்திருந்தனர் என்பதிலிருந்து, அன்றைய வழியறிதலின் நிலையை உணரலாம்.

ஆயினும் இடைத்தங்கலின் வரலாற்றை ஷார்ஜாவைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. தன் கடற்கரை வழியே பறப்பதற்குப் பாரசீக அரசு அளித்திருந்த இசைவு 1932-இல் முடிவுக்கு வந்ததும், இம்பீரியல் ஏர்வேஸ் வளைகுடாவின் அரபுக் கரைக்கு மாறவேண்டியதாயிற்று. அந்தக் கரையின் ஆட்சியாளர்கள் அனைவரும் விமான நிலையத்தை விரும்பி வரவேற்கவில்லை. அந்நியர் கால் ஊன்றினால் ஆட்சியுரிமை கைநழுவும் என்ற அச்சம் ஆழமாக இருந்தது, அந்த அச்சம் நியாயமானதும்கூட. ஷார்ஜாவின் ஷேக் சுல்தான் பின் சகர் அல் காசிமி, உள்ளூர் எதிர்ப்பையும் மீறி 1932 ஜூலையில் உடன்படிக்கை செய்துகொண்டார். நிலையத்துக்கான வாடகை அவருக்கு இந்திய ரூபாயிலேயே வழங்கப்பட்டது. அன்று வளைகுடாவில் புழங்கிய நாணயம் அதுதான். அக்டோபர் 5 அன்று ‘ஹானோ’ என்ற பெயர் கொண்ட விமானம் முதன்முதலாக அங்கே இறங்கியது.

ஊருக்கு வெளியே மணல்வெளியில் கட்டப்பட்ட அந்த நிலையத்தின் ஓய்வில்லம் தோற்றத்தில் ஒரு கோட்டை. நடுவே முற்றமும் அதைச் சுற்றி அறைகளும் அமைந்திருக்க, சுவர்களில் துப்பாக்கி நீட்டுவதற்கான துளைகள் விடப்பட்டிருந்தன. ஷேக்கின் காவலர்கள் இரவு முழுவதும் காவல் நின்றனர். உள்ளே பயணிகளுக்கு மேசை விரித்து உணவு பரிமாறப்பட்டது, படுக்கை தரப்பட்டது. விடியுமுன் அவர்கள் எழுப்பப்பட்டு அடுத்த கட்டத்துக்கு அனுப்பப்பட்டனர். 1937-இல் வெளியான ‘ஏர் அவுட்போஸ்ட்’ என்ற ஆவணப்படம் இந்த நிலையத்தின் அன்றாட வேலையைப் பதிவு செய்துள்ளது. மேல்நாட்டு விடுதியின் வசதியையும் எல்லைக் காவற்கோட்டையின் எச்சரிக்கையையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்த இக்கட்டடம், விமானப் போக்குவரத்து எத்தகைய அரசியலின் மீது ஏறி வந்தது என்பதை எந்த ஆவணத்தையும்விட வெளிப்படையாகச் சொல்கிறது.

‘ஹானோ’ ஷார்ஜாவில் இறங்கிய அதே 1932 அக்டோபர் மாதத்தின் 15-ஆம் நாளில்தான் ஜே.ஆர்.டி. டாட்டா, இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சியில் கொண்டுவந்து சேர்த்த அஞ்சலை ஒரு சிறு விமானத்தில் ஏற்றிக்கொண்டு அகமதாபாத் வழியாக பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். இவ்வாறு ஷார்ஜா வழியும் சென்னை வழியும் ஒரே மாதத்தில் ஒன்றோடொன்று பிணைந்தன.

அடுத்த சில ஆண்டுகளில் இம்பீரியல் ஏர்வேஸின் வழி சிங்கப்பூர், ஆஸ்திரேலியா வரை நீண்டபோது தங்கல்களும் பெருகின. ஜோத்பூரில், தாமே விமானம் ஓட்டுவதில் ஆர்வம் கொண்ட மகாராஜா உமைத் சிங், விமானப் பயணிகளுக்கென்று ஸ்டேட் ஹோட்டலை நடத்தச் செய்தார். பாஸ்ராவில் விமான நிலையமும் விடுதியும் ஒரே கட்டடமாகவே எழுப்பப்பட்டன.

பசிபிக் கடலில் இந்த வழக்கம் வேறு உருவம் கொண்டது. அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனம் 1935 நவம்பர் 22 அன்று ‘சைனா கிளிப்பர்’ என்ற பறக்கும் படகை அஞ்சலுடன் மணிலாவுக்கு அனுப்பி, 1936 அக்டோபரில் பயணிகளையும் ஏற்றத் தொடங்கியது. ஹவாய்க்கும் குவாமுக்கும் இடையே மிட்வே, வேக் என்னும் பவளத் தீவுகளைத் தவிர இறங்க இடமில்லை. வேக் தீவில் குடியிருப்பும் இல்லை, குடிநீர் ஊற்றும் இல்லை. ‘நார்த் ஹேவன்’ என்ற கப்பலில் தயார்நிலைப் பகுதிகளாகக் கொண்டுவரப்பட்ட விடுதி அங்கே பொருத்தப்பட்டது. மழைநீர் தேக்கிப் பயன்படுத்தப்பட்டது. மண் இல்லாததால், சத்து கலந்த நீரிலேயே செடியை வளர்க்கும் முறையில் காய்கறி விளைவிக்கப்பட்டது.

இந்த விடுதியில் சமைத்தும் துவைத்தும் பரிமாறியும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் குவாம் தீவின் பழங்குடியினரான சமோரோ மக்கள். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதில் விடுதி அழிந்தது. சமோரோ பணியாளர் பலர் மாண்டனர். அப்போது தீவில் இருந்த ‘பிலிப்பைன் கிளிப்பர்’ பயணிகளையும் நிறுவனத்தின் வெள்ளையினப் பணியாளர்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. உயிர் தப்பிய சமோரோ பணியாளர்கள் தீவிலேயே விடப்பட்டு, டிசம்பர் 23 அன்று வேக் வீழ்ந்தபோது சிறைப்பட்டனர். கிளிப்பர் பயணத்தின் சொகுசைப் புகழும் நூல்கள் பல இந்தச் செய்தியை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. பயணியின் இரவைச் சுமந்தவர்கள் யார் என்று கேட்காத வரலாறு அரைகுறை வரலாறே.

போருக்குப் பின் 1946-இல் பான் அமெரிக்கன் தன் பயணிகளும் விமானிகளும் தங்குவதற்கென்று இன்டர்கான்டினென்டல் என்ற விடுதி நிறுவனத்தையே தொடங்கியது. 1947 டிசம்பரில் குவாண்டாஸ் சிட்னியிலிருந்து இலண்டனுக்குத் தொடங்கிய நான்கு நாள் பயணத்திலும் சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவுத் தங்கல்கள் இருந்தன. 1958 அக்டோபரில் அட்லாண்டிக் கடலின் மேல் ஜெட் விமானங்கள் ஓடத் தொடங்கியதோடு இந்த ஏற்பாட்டின் தேவை கரைந்தது. இரவிலும் பறக்க முடிந்த விமானத்துக்கு விடுதி வேண்டியிருக்கவில்லை. இனி இரவு தங்கவேண்டியவர் பயணி மட்டுமே என்றான பிறகு, அவரது அறையைப் பயணச்சீட்டில் சேர்க்கும் கட்டாயமும் நிறுவனங்களுக்கு இல்லாமல் போயிற்று.

பல திசை விமானங்களையும் ஒரே நிலையத்தில் கூட்டிப் பிரித்தனுப்பும் மைய நிலைய முறை வலுப்பெற்றதும் இடைத்தங்கல் மீண்டும் தலைதூக்கியது, ஆனால் வணிகப் பொருளாக. குடியேற்றச் சோதனையைக் கடக்காமலே தங்கக்கூடிய டிரான்சிட் விடுதிகள் சிங்கப்பூரின் சாங்கி போன்ற நிலையங்களுக்குள் அமைந்தன. 2007-இல் இலண்டன் கேட்விக்கில் திறக்கப்பட்ட யோட்டல், சிற்றறைகளைக் குறைந்தது நான்கு மணி நேரத்துக்கு என மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது. குடியேற்றச் சோதனையைக் கடக்காமல் தங்கும் அந்த உட்பகுதியும் எல்லோருக்கும் திறந்ததன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விசாச் சட்டம், ஷெங்கன் நாடுகளின் நிலையங்களில் விமானம் மாறுவதற்குக்கூட முன்னதாக டிரான்சிட் விசா பெறவேண்டிய பன்னிரண்டு நாட்டவரின் பட்டியலில் இலங்கையையும் சேர்த்தது. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசாவோ வதிவிட உரிமையோ உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. அவை இல்லாத யாழ்ப்பாணத்தவர் ஒருவர், வெளியே காலடி வைக்கும் எண்ணமே இல்லாதபோதும், அந்த இரவுக்காக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது.

பழைய கடமையின் ஒரு பகுதியைச் சட்டம் மீட்டுக் கொடுத்திருக்கிறது. 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 261-ஆம் எண் ஒழுங்குமுறை, விமானம் ரத்தாகியோ நெடுநேரம் தாமதித்தோ இரவு தங்க நேர்ந்தால் விடுதியையும் அங்கே போய்வரும் வண்டியையும் நிறுவனமே ஏற்கவேண்டும் என்கிறது. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டதை ஒட்டி எழுந்த வழக்கில், இயற்கைச் சீற்றமே காரணமானாலும் இந்தக் கடமை நீங்காது என்று அந்த ஒன்றியத்தின் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. அட்டவணைப்படியே நேரும் இரவு இதில் அடங்காது. விலை மலிவு கருதி இரு விமானங்களுக்கும் தனித்தனிச் சீட்டு வாங்கியவர், முதல் விமானத்தின் சிறு தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால், அந்த இரவுக்கும் புதிய சீட்டுக்கும் பெரும்பாலும் அவரே பணம் கட்டவேண்டும்.